ஒறுத்தலும் உடன்படலும்

குற்றம் புரிந்தாரை ஒறுத்தல் அரசின் கடமை என்பதில் அறநூலார்க்குள் கருத்து வேற்றுமை இல்லை. உழவன் களையைப் பறிப்பது பயிரைக் காத்தற்பொருட்டே என்பது நாம் பள்ளிப் பருவத்திலேயே கற்ற பாடம். ஆயினும் அப்பாடத்தினுள் ஒரு வினா மறைந்து கிடக்கிறது. களை எது, பயிர் எது என்று தெளியாமல் வயல் முழுவதிலும் கை வைத்தால் அதனை உழவு என்போமா? ஓர் இனத்தில் பிறந்தோரை எல்லாம் ஐயக் கண்ணுடன் நோக்கி, அவருட் சிலர் செய்த பிழையின் பெயரால் பலரைச் சிறையில் அடைக்கும் அரசு ஒறுக்கின்றதா, கொடுமை இழைக்கின்றதா? அக்கொடுமை சட்டத்தின் பெயரால் நிகழும்போது அதன் பழி யாரைச் சேரும்? தண்டித்த கையை மட்டுமா, பார்த்துக்கொண்டிருந்த கண்களையுமா?

இவ்வினாக்களை ஏட்டளவில் ஆராய்வதினும், கண்முன் உள்ள ஒரு நாட்டின் நிலையைக் கொண்டு ஆராய்தல் நன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் கறுப்பின மக்கள் சிறையாலும் காவல் துறையாலும் அடைந்துவரும் துன்பத்தை இங்கு எடுத்துக்கொள்கிறோம். தொலைவில் உள்ள நாட்டின் செய்தி நமக்கெதற்கு என்று வாசகர் எண்ண வேண்டா. நம் குடும்பப் பிள்ளைகள் பலர் இன்று அந்நாட்டில் பணியாற்றுகின்றனர். சிலர் குடியுரிமையும் பெற்று வாக்களிக்கின்றனர். பேரக் குழந்தைகளைக் காணச் சென்று சில திங்கள் தங்கி வரும் பெரியோரும் நம்மிடையே உளர். அந்நாட்டு மக்களைப் பற்றி நம் வீட்டுக் கூடங்களில் பேசப்படும் பேச்சும் ஒரு செயலே ஆதலின், இதனை ஆராய்வது நம் கடமையும் ஆகிறது.

சிறையின் அளவு

1970களின் தொடக்கத்தில் அந்நாட்டின் மாநிலச் சிறைகளிலும் கூட்டாட்சிச் சிறைகளிலும் இருந்தோர் ஏறத்தாழ 2 லட்சம் பேர். 2009ஆம் ஆண்டில் அதே சிறைகளில் இருந்தோர் ஏறத்தாழ 16 லட்சம். விசாரணைக் கைதிகளையும் குறுகிய காலத் தண்டனை பெற்றோரையும் அடைக்கும் உள்ளூர்க் காவற்கூடங்களில் இருந்தோர் இவர்களுக்குப் புறம்பே 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அதன்பின் இத்தொகை சற்றுக் குறைந்தபோதிலும், உலக மக்களில் நூற்றுக்கு ஐவரினும் குறைந்தோர் வாழும் அந்நாட்டில், உலகச் சிறைவாசிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இருந்து வந்திருக்கின்றனர்.

இப்பெருந்தொகையினுள் கறுப்பின மக்களின் பங்கு எவ்வளவு? நாட்டு மக்களில் அவர்கள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினான்கு பேர். சிறைத் தண்டனை அனுபவிப்போரிலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். மாநிலச் சிறைகளைக் கணக்கிட்டால், வெள்ளையினத்தாரைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு வீதத்தில் கறுப்பினத்தார் அடைக்கப்பட்டுள்ளனர். இயல்பிலேயே ஓர் இனம் மற்றோர் இனத்தைப் போல ஐந்து மடங்கு தீயது என்று எவரேனும் கூறின், அவர் உயிரின் தன்மையை அறியாதவர். அவ்வாறாயின் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

நிலத்தினுள் இருக்கும் வேர்

1865ஆம் ஆண்டு அமெரிக்க அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஆனால் அத்திருத்தத்தில் ஒரு விலக்கும் வைக்கப்பட்டது: குற்றத்துக்குத் தண்டனையாக மட்டும் கட்டாய ஊழியம் செல்லும். இந்தச் சிறு விலக்கின் வழியே பெருங்கேடு நுழைந்தது. வேலையின்றித் திரிதல், வேலை ஒப்பந்தத்தை மீறுதல் போன்றவற்றைக் குற்றமாக்கும் சட்டங்களைத் தென் மாநிலங்கள் இயற்றின. விடுதலை பெற்ற கறுப்பினத்தார் அச்சட்டங்களின்கீழ்ப் பிடிக்கப்பட்டனர். அவ்வாறு பிடிக்கப்பட்டோரை அரசே சுரங்க முதலாளிகளுக்கும் தோட்டக்காரர்களுக்கும் இருப்புப்பாதை நிறுவனத்தார்க்கும் வாடகைக்கு விட்டது. விலை கொடுத்து அடிமையை வாங்கியவனுக்கு அவன் உயிரோடிருத்தலில் ஒரு நலமேனும் இருந்தது. வாடகைக்கு எடுத்தவனுக்கு அதுவும் இல்லை. இறந்தால் வேறொருவனைப் பெறலாம். பலர் மாண்டனர். அலபாமா மாநிலம் இம்முறையைக் கைவிட்டது 1928ஆம் ஆண்டில்தான்.

லூயிசியானா மாநிலத்தில் ஒரு பெருஞ்சிறை உண்டு. ஏறத்தாழ 18,000 ஏக்கர் பரப்புடைய அந்நிலம் முற்காலத்தில் அடிமைகள் உழைத்த தோட்டமாயிருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அவர்கள் கொண்டுவரப்பட்ட நாட்டின் பெயரால் அங்கோலா என்று அத்தோட்டம் அழைக்கப்பட்டது. இன்றும் அச்சிறைக்கு வழங்கும் பெயர் அதுவே. இன்றும் அங்குள்ள வயல்களில் மணிக்குச் சில சென்ட் கூலிக்குக் கைதிகள் வேலை செய்கின்றனர். அவருட் பெரும்பாலோர் கறுப்பினத்தார். நிலமும் மாறவில்லை, பெயரும் மாறவில்லை, குனிந்து வேலை செய்வோரின் நிறமும் மாறவில்லை. மாறியது அவர்களை அங்கு நிறுத்தும் சட்டம் ஒன்றே.

சாயும் தராசு

அண்மைக் காலத்துச் சட்டம் ஒன்றையும் காண்போம். 1971ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் நிக்சன் போதைப்பொருளை நாட்டின் முதற்பகை என்று அறிவித்தார். 1986ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. கொக்கேய்ன் என்னும் போதைப்பொருள் தூளாகவும், ‘கிராக்’ எனப்படும் கட்டியாகவும் விற்கப்படுவது. இரண்டும் ஒரே நஞ்சின் இரு வடிவங்களே. வசதி படைத்தோரிடம் புழங்கியது தூள். நகரத்து ஏழைப் பகுதிகளில் மலிவாகக் கிடைத்தது கட்டி. 500 கிராம் தூள் வைத்திருந்த வணிகனுக்குக் குறைந்த அளவு ஐந்தாண்டுச் சிறை. கட்டியாயின் 5 கிராமுக்கே அதே ஐந்தாண்டு. நூற்றுக்கு ஒன்று என்ற இவ்விகிதம் இருபத்துநான்கு ஆண்டுகள் நின்றது. கூட்டாட்சி நீதிமன்றங்களில் கட்டி வடிவத்துக்காகத் தண்டனை பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தார். 2010ஆம் ஆண்டில் அவ்விகிதம் பதினெட்டுக்கு ஒன்று எனக் குறைக்கப்பட்டதேயன்றிச் சமன் செய்யப்படவில்லை.

இச்சட்டத்தில் ‘கறுப்பினம்’ என்னும் சொல் எங்கும் இல்லை. அதனை இயற்றியோரில் பலர் எவ்வினத்தின்மீதும் பகை கொண்டவரும் அல்லர். தீங்கு செய்தற்குத் தீய எண்ணம் வேண்டும் என்றே நாம் பெரும்பாலும் கருதுகிறோம். எண்ணிப் பாராமையே போதும் என்பதை இச்சட்டம் காட்டுகிறது. விளக்கை ஏற்றுமுன் அதில் விழக்கூடிய சிற்றுயிரை நினைக்கவேண்டும் என்று பழக்கப்பட்டவர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

ஒரு சிறுவனின் மெய்

எண்களைக் கேட்டுப் பழகிய செவி மரத்துப்போவதுண்டு. ஆதலின் ஒருவனுடைய வரலாற்றைக் கூறுவோம். கலீஃப் பிரவுடர் நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில் வாழ்ந்த கறுப்பினச் சிறுவன். 2010ஆம் ஆண்டு மே திங்களில், ஒரு தோள்பையைத் திருடினான் என்று ஒருவர் கூறியதன்பேரில் காவலர் அவனைப் பிடித்தனர். அப்போது அவனுக்கு வயது 16. பை அவனிடம் இல்லை. பிணைத்தொகை 3,000 டாலர் என்றது நீதிமன்றம். குடும்பத்தாரால் அதனைக் கட்ட இயலவில்லை. முன்னரே வேறொரு வழக்கில் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தான் என்ற காரணத்தால் பின்னர்ப் பிணையும் மறுக்கப்பட்டது. ரைக்கர்ஸ் தீவு என்னும் காவற்கூடத்தில் அவன் வைக்கப்பட்டான்.

அரசுத் தரப்பு இன்னும் ஆயத்தமாகவில்லை என்று கூறிக்கூறி வழக்குத் தள்ளிப்போடப்பட்டது. ஒரு திங்கள் அன்று, ஓராண்டு அன்று, மூன்றாண்டுகள். அவற்றுள் ஏறத்தாழ இரண்டாண்டுகள் தனிமைச் சிறை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் குறைந்த தண்டனை என்று பலமுறை அவனிடம் கூறப்பட்டது. ஒருமுறை, சிறு குற்றங்களை ஒப்புக்கொண்டால் அன்றே வீட்டுக்குச் செல்லலாம் என்றும் நீதிபதி கூறினார். செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல அவன் உடன்படவில்லை. மீண்டும் சிறைக்கே சென்றான். 2013ஆம் ஆண்டில் வழக்கு விசாரிக்கப்படாமலே தள்ளுபடியாயிற்று. வெளியே வந்தவன் விட்ட படிப்பைத் தொடர முயன்றான். தனிமையில் சிதைந்த மனம் தேறவில்லை. 2015ஆம் ஆண்டு ஜூன் திங்களில், 22ஆம் வயதில், தன் வீட்டிலேயே உயிரை மாய்த்துக்கொண்டான். அவனுக்காகப் பேசி வந்த அன்னை வெனிடா பிரவுடர் அடுத்த ஆண்டில் இதய நோயால் இறந்தார்.

அன்பர்களே, வாய்மையின் பெருமையைப் பற்றி நாம் எத்துணைக் கட்டுரைகள் எழுதியிருக்கிறோம், எத்துணை வகுப்புகளில் பாடம் நடத்தியிருக்கிறோம்! ஒரு பொய் கூறினால் கதவு திறக்கும் என்ற நிலையில் மெய்யைப் பற்றிக்கொண்டு உள்ளே திரும்பிய அச்சிறுவனுக்கு நிகராக நாம் எவரைக் காட்டுவோம்? அந்நாட்டில் தண்டனை பெறுவோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றித் தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். அவருள் உண்மையில் குற்றம் புரிந்தோர் பலர் இருப்பர். ஆயினும் மெய்யுரைத்தார்க்குச் சிறையும் பொய்யுரைத்தார்க்கு விடுதலையும் அளிக்கக்கூடிய முறை ஒன்று நீதி என்னும் பெயரைத் தாங்குதல் தகுமா?

வீடு வந்து சேரும் தண்டனை

நீதிபதி தீர்ப்பு வழங்குவது ஒருவருக்கு. அதனை அனுபவிப்பவர் பலர். 2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, கறுப்பினக் குழந்தைகளில் ஒன்பதின்மருள் ஒருவர் தந்தையோ தாயோ சிறையில் இருக்க வளர்ந்துகொண்டிருந்தார். வெள்ளையினக் குழந்தைகளில் அது ஐம்பத்தேழு பேருள் ஒருவர். அந்நாட்டின் புகழ்பெற்ற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியான செசமி ஸ்ட்ரீட் 2013ஆம் ஆண்டில், தந்தை சிறையிலிருக்கும் ஒரு சிறுவனை அலெக்ஸ் என்னும் பொம்மைப் பாத்திரமாகப் படைத்துப் பாடப்பொருள் ஆக்கியது. எண்ணும் எழுத்தும் கற்பிக்கும் இடத்தில் சிறையையும் கற்பிக்கவேண்டிய தேவை ஒரு நாட்டுக்கு நேர்ந்ததென்றால், அங்கு ஆசிரியராக இருப்போர் மனம் என்ன பாடுபடும் என்பதை அத்தொழிலில் வாழ்நாளைக் கழித்த நாம் உணர்வோம்.

வாஷிங்டன் நகரில் மார்த்தா ரைட் என்றொரு பாட்டியார் இருந்தார். செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கண் பார்வை இழந்தவர். அவருடைய பேரன் தொலைவில் ஒரு சிறையில் இருந்தான். பார்வையற்ற அவர் கடிதம் படிக்க இயலாது. நெடுந்தொலைவு பயணம் செய்தலும் அரிது. தொலைபேசி ஒன்றே துணை. சிறையிலிருந்து பேசுவதற்கு நிறுவனத்தார் வாங்கிய கட்டணமோ மிகப் பெரிது. பேரனோடு பேசுவதா, மருந்து வாங்குவதா என்று எண்ணவேண்டிய நிலையில், அவர் 2000ஆம் ஆண்டில் வழக்குத் தொடர்ந்தார். பின்னர் அரசு ஆணையத்திடம் முறையிட்டார். 2015இல் அவர் காலமானார். அவர் பெயரைத் தாங்கி, சிறைத் தொலைபேசிக் கட்டணத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2023 ஜனவரியில் கையொப்பமாயிற்று. அந்த மூதாட்டியார் எக்குற்றத்துக்காக அத்தண்டத்தைக் கட்டினார் என்பதை எந்தச் சட்டநூலாலும் கூற இயலாது.

சிறு தண்டமும் மக்களை நசுக்க வல்லது. மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரில் 2014 ஆகஸ்ட் திங்களில் ஆயுதம் இல்லாத கறுப்பின இளைஞன் ஒருவனைக் காவலர் சுட்டுக் கொன்றதன் பின்னர், கூட்டாட்சி நீதித் துறை அந்நகரக் காவல் துறையை ஆராய்ந்து 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. நகர மக்களில் நூற்றுக்கு 67 பேர் கறுப்பினத்தார். கைதானோரில் நூற்றுக்கு 93 பேர் அவர்களே. நகராட்சியின் வருவாயைப் பெருக்குவதற்கே காவலர் ஏவப்பட்டனர் என்றும் அவ்வறிக்கை கண்டது. அதில் ஒரு பெண்மணியின் செய்தி உண்டு. 2007இல் வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தியதற்காக அவருக்கு 151 டாலரும் கட்டணங்களும் விதிக்கப்பட்டன. கட்ட இயலாமலும் நீதிமன்றத்துக்கு வராமலும் போனதற்காக மேலும் மேலும் தண்டம் ஏறியது. இருமுறை கைதாகி ஆறு நாள் காவலில் இருந்தார். 550 டாலர் கட்டிய பின்னரும் 2014 டிசம்பரில் அவர் தரவேண்டிய மீதி 541 டாலர். வட்டிக்குமேல் வட்டி வாங்கும் கொடியவனைப் பற்றி நம் ஊர்ப்புறத்தில் கதைகள் உண்டு. இங்கு அவ்விடத்தில் ஓர் அரசே நின்றது.

சீருடை அணிந்த கை

காவலரால் சுட்டுக் கொல்லப்படுவோர் அந்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 பேர். அவருள் எல்லா இனத்தாரும் உளர். ஆயினும் மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் கறுப்பினத்தார் இறக்கும் வீதம் வெள்ளையினத்தாரைப்போல இருமடங்குக்கும் மேற்பட்டது. 2014 நவம்பரில் கிளீவ்லாந்து நகரப் பூங்கா ஒன்றில் விளையாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த டாமிர் ரைஸ் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவனை, வண்டி வந்து நின்ற இரண்டு நொடிக்குள் காவலர் சுட்டார். மறுநாள் சிறுவன் இறந்தான். சுட்டவர்மீது குற்றவழக்கு எழவில்லை. இதனால் அந்நாட்டுக் கறுப்பினப் பெற்றோர், மகன் சற்று வளர்ந்ததும் அவனை அமரவைத்து ஒரு பாடம் கூறுகின்றனர்: காவலர் நிறுத்தினால் கைகளை அவர் காணும்படி வை, விரைந்து அசையாதே, அவர் தவறு செய்தாலும் மறுத்துப் பேசாதே, உயிருடன் வீட்டுக்கு வா. வாய்ப்பாடும் ஆத்திசூடியும் போல இது தலைமுறை தலைமுறையாக ஓதப்படுகிறது.

2020ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்ததை உலகமே கண்டது. 20 டாலர் கள்ள நோட்டைக் கொடுத்தார் என்ற ஐயத்தின்பேரில் அவரைப் பிடித்த காவலர், கையில் விலங்கிட்டுத் தரையில் கிடத்தி, கழுத்தின்மேல் முழங்காலை 9 நிமிடம் 29 நொடி அழுத்தினார். மூச்சு விட இயலவில்லை என்று அவர் அரற்றினார். இறந்துபோன தம் தாயை அழைத்தார். வழியே வந்த 17 வயதுப் பெண் ஒருத்தி தன் கைத்தொலைபேசியில் படம் பிடித்ததனாலேயே உண்மை வெளிப்பட்டது. அக்காவலருக்கு 2021இல் இருபத்திரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

இங்கு ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அவ்விடத்தில் இருந்த காவலர் நால்வர். முழங்காலை வைத்தவர் ஒருவர். உடலையும் கால்களையும் பிடித்திருந்தோர் இருவர். கூடிநின்ற மக்களை அருகே வரவிடாது தடுத்தவர் மற்றொருவர். ஃபிளாய்டுக்கு மருத்துவ உதவி செய்யாமல் விட்ட குற்றத்துக்காக அம்மூவரையும் 2022 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் குற்றவாளிகள் என முடிவு செய்தது. கொடுமையைத் தடுக்காமல் நின்ற குற்றமும் அவருள் இருவர்மேல் நிலைநாட்டப்பட்டது. கொல்லாமல் நின்றேன் என்று கூறுதல் போதாது. ஏன் தடுக்கவில்லை என்பதற்கும் விடை கூறவேண்டும் என்று அந்நாட்டுச் சட்டமே அன்று கூறிவிட்டது.

இது வெள்ளையினத்தாரின் தீமை என்று எளிதில் கூறிவிடுதலும் பொருந்தாது. 2023 ஜனவரியில் மெம்ஃபிஸ் நகரில் டைரி நிக்கல்ஸ் என்னும் கறுப்பின இளைஞரைக் காவலர் ஐவர் அடித்தனர். அவரும் தாயை அழைத்தார். மூன்று நாள் கழித்து இறந்தார். அந்த ஐவரும் கறுப்பினத்தாரே. ஆகவே நோய் தோலில் இல்லை. எவரை அடித்தால் கேட்பாரில்லை என்று ஒரு நாடு நெடுங்காலம் பழக்கிவைத்திருக்கிறதோ, அப்பழக்கத்தில் இருக்கிறது.

எழக்கூடிய இரு தடைகள்

நேர்மையாக ஆராய்வோர் எதிர்த்தரப்பையும் கேட்டல் வேண்டும். முதல் தடை: அப்பகுதிகளில் குற்றம் மிகுந்திருந்தது உண்மையன்றோ? உண்மையே. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் அந்நாட்டு நகரங்களில் கொலை மலிந்தது. கொலையுண்டோரில் கறுப்பினத்தார் மிகப் பலர். கடுஞ்சட்டம் வேண்டும் என்று கறுப்பினத் தலைவர் சிலரும் கேட்டனர். அவர்கள் பள்ளியும் வேலையும் மருத்துவமும் சேர்த்தே கேட்டனர். கிடைத்தது சிறை மட்டும். குற்றம் குறையத் தொடங்கிய பின்னரும் பல ஆண்டுகள் சிறைத்தொகை ஏறிக்கொண்டே சென்றது. மறுபுறம், நியூயார்க் மாநிலச் சிறைகளில் இருந்தோர் தொகை 1999க்குப் பின் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அக்காலத்தில் அங்குக் கொலைகள் பெருகவில்லை, குறைந்தன. நோய்க்கு மருந்து வேண்டும் என்பது மெய். அளவு மீறிய மருந்தும் நஞ்சே.

இரண்டாம் தடை நம்மவர் சிலர் கூறுவது: அவரவர் செய்த வினையை அவரவர் துய்க்கின்றனர், இதில் பிறர் செய்வதற்கென்ன இருக்கிறது? வினைக் கொள்கையை இவ்வாறு பொருள்கொள்வது பெரும்பிழை. ஒருவர் துன்புறுதல் அவருடைய பழவினையாக இருக்கலாம். அத்துன்பத்தைத் தருவோர் புதுவினையைக் கட்டிக்கொள்கின்றனர் என்பதும் அக்கொள்கையே. அடிபட்டவனின் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்படவில்லை. நம் கணக்கைப் பார்ப்பதே நமக்குரிய பணி. பிறர் துன்பத்துக்கு விளக்கம் கூற வினைக் கொள்கையைக் கையாள்வோர், தம் இரக்கமின்மைக்கு அதனைப் போர்வையாக்குகின்றனர்.

மூன்றாவது வாயில்

தீங்கு விளையும் வாயில்கள் மூன்று என்று நாம் அறிவோம்: தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்தாரை மனத்தால் உடன்படல். முதலிரண்டு வாயில்களையும் அடைத்துவிட்ட நல்லோர் பலர், மூன்றாவதைத் திறந்தே வைத்திருப்பதுண்டு. பெருங்கொடுமைகள் யாவும் அந்த மூன்றாவது வாயிலாலேயே நிலைபெறுகின்றன.

1987ஆம் ஆண்டில் மக்ளெஸ்கி என்பவரின் வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஜார்ஜியா மாநிலத்தில், வெள்ளையினத்தாரைக் கொன்ற வழக்குகளில் மரண தண்டனை கிடைப்பதற்குரிய வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேற்பட்டது என்று 2,000க்கும் மேற்பட்ட வழக்குகளை ஆராய்ந்த அறிஞர்கள் காட்டினர். அவ்வாய்வு சரியெனவே வைத்துக்கொண்டாலும், இந்த ஒரு வழக்கில் இன்னார் இனப்பகையால் நடந்தார் என்று மெய்ப்பித்தாலன்றிப் பயனில்லை என ஐவருக்கு நால்வர் என்ற அளவில் நீதிமன்றம் முடிவு செய்தது. ஐவருள் ஒருவராய்த் தீர்ப்பை எழுதிய நீதிபதி பாவெல், பணி ஓய்வு பெற்ற பின்னர், வாய்ப்பிருந்தால் அவ்வழக்கில் தம் முடிவை மாற்றிக்கொள்வேன் என்று தம் வரலாற்றை எழுதியவரிடம் கூறினார். மக்ளெஸ்கிக்கு 1991இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. உடன்பாட்டைத் திரும்பப் பெறலாம். உயிரைத் திரும்பப் பெற இயலாது.

நம் நாட்டவரைச் சார்ந்த செய்தி ஒன்றும் உண்டு. 2015 பிப்ரவரியில் குஜராத்திலிருந்து 57 வயதுப் பெரியவர் ஒருவர் தம் பேரக் குழந்தையைக் காண அலபாமாவிலுள்ள மகன் வீட்டுக்குச் சென்றிருந்தார். காலையில் தெருவில் உலவிக்கொண்டிருந்தார். மெலிந்த கறுப்பினத்தான் ஒருவன் நடமாடுகிறான் என்று அண்டையிலிருந்த ஒருவர் காவல் துறைக்குத் தொலைபேசியில் கூறினார். வந்த காவலரின் ஆங்கிலம் பெரியவருக்கு விளங்கவில்லை. காவலர் அவரைத் தரையில் வீழ்த்த, கழுத்தெலும்பு பாதிக்கப்பட்டுக் கைகால்கள் வழங்காமற்போயின. வழக்கில் இருமுறை நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வர இயலாமற்போய், 2016இல் நீதிபதி அக்காவலரை விடுவித்தார்.

இச்செய்தியைக் கேட்ட நம்மவர் பலரின் வாயிலிருந்து முதலில் எழக்கூடிய சொல், ‘ஐயோ, அவர் கறுப்பர் அல்லரே, நம்மவராயிற்றே!’ என்பது. அச்சொல்லை நிறுத்திப் பார்க்கவேண்டும். ஆள்மாறாட்டம்தான் பிழை என்றால், உரிய ஆளாக இருந்திருந்தால் அது முறையே என்று பொருள்படுமன்றோ? பேரனைக் காண வந்த கறுப்பினத்துப் பாட்டனாராக அவர் இருந்திருந்தால் அக்கழுத்து முறியத்தக்கதா? நம்மை அறியாமலே நாம் உடன்படும் இடம் இதுவே. அத்தொலைபேசிக் குரலுக்கும் நம் கூடத்துப் பேச்சுக்கும் தொலைவு மிகுதியில்லை. ‘அந்தப் பக்கம் குடிபோகாதே, அவர்கள் அப்படித்தான்’ என்று மகனுக்கு நாம் எழுதும் அறிவுரை ஒரு தெருவின் பாதுகாப்பைப் பற்றியதாயின் குற்றமில்லை. ஓர் இனத்தின் பிறவிக் குணத்தைப் பற்றியதாயின் அது மூன்றாவது வாயில்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. நம் நாட்டவர் அமெரிக்காவில் பெருமளவில் குடியேற வழிவகுத்தது 1965ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம். பிறந்த நாட்டை வைத்து மக்களைத் தரம் பிரிக்கும் பழைய முறையை அது நீக்கியது. கறுப்பின மக்கள் அடியுண்டும் சிறைபுகுந்தும் நடத்திய உரிமைப் போராட்டம் அந்நாட்டின் மனச்சான்றை எழுப்பியிராவிடின் அச்சட்டம் எளிதில் வந்திராது. நம் பிள்ளைகள் நுழைந்த கதவைத் தள்ளித் திறந்த கைகளுள் அவர்கள் கைகளும் உண்டு.

வகுப்பறையிலிருந்து ஒரு பாடம்

2011-12ஆம் கல்வியாண்டில் அந்நாட்டு அரசு திரட்டிய கணக்கு ஒன்று, படித்த நாள்முதல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. மழலையர் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகள் நூற்றுக்கு 18 பேர். ஒருமுறைக்கு மேற்பட்டுப் பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்ட மழலைகளிலோ அவர்கள் நூற்றுக்கு 48 பேர். நான்கு வயதுக் குழந்தை! அதற்குள் அதன்மேல் ஒரு பெயர் எழுதப்பட்டுவிட்டது. பிற்காலத்தில் காவலர் படிக்கப்போகும் அதே பெயர்.

ஆசிரியப் பயிற்சி பெற வந்த மாணவியர்க்கு நாம் ஆண்டுதோறும் கூறிவந்தது ஒன்று உண்டு: செயலைக் கண்டியுங்கள், குழந்தையைக் கண்டிக்காதீர்கள், குழந்தையைக் கண்டித்தாலும் அதன் வீட்டையும் குலத்தையும் கண்டிக்காதீர்கள். வகுப்பில் ஓர் எழுதுகோல் காணாமற்போகும்போது, தேடுமுன்னரே எந்தப் பெயர் ஆசிரியரின் மனத்தில் எழுகின்றதோ, அங்கே நீதி தொடங்குமுன்னரே முடிந்துபோகிறது. ஒரு வகுப்பறைக்குப் பொருந்தும் இவ்வுண்மை ஒரு பெருநாட்டுக்கும் பொருந்தும்.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு நாம் காணும் விடை இது. செயலை அளந்து, செய்தவரை மட்டும் சார்ந்து, அவர் திருந்தி வீடு திரும்பும் வழியைத் திறந்து வைக்கும்வரை ஒறுத்தல் அறத்தின் எல்லைக்குள் நிற்கும். பிறப்பை அளக்கத் தொடங்கியவுடன் அது சட்டத்தின் உடை அணிந்த கொடுமையே. அக்கொடுமையின் பழி, செய்தவரோடு நில்லாமல், அது தக்கதே என்று எண்ணி அமைந்தோர் அனைவரையும் பங்கிட்டுச் சேரும்.

அந்நாட்டில் வாழும் நம் பிள்ளைகள் வாக்காளராகவும் நடுவர் குழு உறுப்பினராகவும் அமரும் நாள் வரும், பலருக்கு வந்துவிட்டது. அன்று அவர்கள் எதிரே நிற்பவரின் செயலைக் காண்பார்களா, நிறத்தைக் காண்பார்களா என்பது பெரிதும் இன்று வீட்டில் அவர்கள் கேட்கும் பேச்சைப் பொறுத்தது. அடுத்த முறை அவர்களோடு தொலைபேசியில் உரையாடும்போது கலீஃப் பிரவுடரின் வரலாற்றை எடுத்துக் கூறுங்கள். பேரக் குழந்தைகளும் கேட்கட்டும். பொய் சொல்லி வீடு திரும்ப மறுத்த ஒரு பிள்ளை இருந்தான் என்பதை அவர்கள் அறிந்திருப்பது நன்று.